பிரேக் பாடம் மட்டும் பாக்கி

பெரியதம்பி மோட்டார் மெக்கானிக் ஆனது கடல் தண்ணீருக்கு மேல் என்று சொன்னால் போர்ட்பிளேர் பத்துபஸ்தியில் யாரும் நம்பமாட்டார்கள். அவருக்கே சில காலைகளில் நம்பிக்கை வராது. எழுந்ததும் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் சான்றிதழை எட்டிப் பார்ப்பார். 'மோட்டார் வாகனப் பழுதுநீக்குநர், முதல் தரம்' என்று போட்டு, கீழே அவர் பெயரும் இருக்கும். சரி, நாம்தான் போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு பல் விளக்கப் போவார்.

அதற்கு முன் அவர் நிக்கோபாரில் கச்சல் தீவில் ரப்பர் பால் வெட்டியவர். அப்பா காலத்தில் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏற்றிக் கொண்டுவந்து, 'இதுவும் தோட்டம்தான், இறங்கிக்கொள்ளுங்கள்' என்று இறக்கிவிடப்பட்ட குடும்பம். தோட்டத்தையும் லய வீடுகளையும் சுனாமி ஒரே காலையில் எடுத்துக்கொண்டது. மிஞ்சியவர்களைப் போர்ட்பிளேரில் தகரக் கொட்டகையில் வைத்து, இவர்களை என்ன செய்யலாம் என்று மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு தொண்டு நிறுவனம் யோசித்தது. ரப்பரோடு பழகிய கை டயரோடும் பழகும் என்று அங்கே யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். பெரியதம்பியின் பெயர் மோட்டார் பயிற்சிப் பட்டியலில் ஏறியது.

பயிற்சி கொடுக்க அருண்பிரசாத் என்று ஒரு வாத்தியார் சென்னையிலிருந்து கப்பலில் வந்தார். அவருக்குப் பின்னால் பாடம் நடத்த ஒரு ஜீப்பும், பாஸானவர்களுக்குக் கொடுக்க லேபிள் கட்டுகளும் வருவதாக இருந்தது. லேபிள் அடுத்த கப்பலிலேயே நனையாமல் வந்து சேர்ந்தது. ஜீப்பை மட்டும் வேறு தீவுச் சரக்கு என்று நினைத்துக் கேம்பல் பேயில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து அதைத் திருப்பி அனுப்பினார்கள். அது நேராக சென்னைக்கே போனது. சென்னையில், 'அந்தமான் போய்விட்டு வந்தாயிற்றே' என்று அதை வரவேற்று உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

வாத்தியார் அதற்காக மனம் தளரவில்லை. ஜங்கிலிகாட் படகுத்துறையில் ஒரு டுங்கியைப் பிடித்தார். டுங்கி என்பது இந்தத் தீவுகளில் ஓடும் மோட்டார் வைத்த நாட்டுப்படகு. இன்ஜின் என்றால் இன்ஜின்தானே, அது தரையில் ஓடினால் என்ன, தண்ணீரில் ஓடினால் என்ன என்றார் வாத்தியார். கப்பலில் வரும்போது வயிறு பட்ட பாட்டை நினைத்து அவர் மட்டும் கரையில் நின்றுகொண்டார். மாணவர்கள் படகில் ஆடிக்கொண்டே படித்தார்கள். ஸ்டீயரிங் பாடத்துக்குச் சுக்கான் இருந்தது. கூலிங் பாடத்துக்கு, இன்ஜினைக் குளிர வைக்கக் கடல் தண்ணீரை உறிஞ்சும் பம்ப் இருந்தது. பிரேக் பாடத்துக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. டுங்கிக்கு ஏது பிரேக்?

"பிரேக் பாடம் ஜீப் வந்தப்புறம்" என்றார் வாத்தியார்.

ஜீப் வருவதற்குள் பரீட்சை வந்துவிட்டது. "பிரேக் எதற்கு?" என்று பெரியதம்பியைக் கேட்டார்கள். "நிறுத்தங்க" என்றார் அவர். பரீட்சைக்காரர் தலையை ஆட்டி முதல் தரம் போட்டார். பதிலில் தப்பில்லை அல்லவா?

இப்படியாகச் சான்றிதழும் ஒரு கட்டு லேபிளும் பெரியதம்பி கைக்கு வந்தன. லேபிள் என்றால் பச்சை வட்டம். நடுவே பல்சக்கரம், அதற்குள் ஒரு டிக், சுற்றிலும் 'சோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது' என்று மூன்று பாஷையில் எழுத்து. பார்த்துக் கொடுக்கும் ஒவ்வொரு வண்டியிலும் பின்கண்ணாடியில் ஒன்று ஒட்ட வேண்டும் என்பது விதி. அதன் பசை சாதாரணப் பசை அல்ல. ஒருமுறை ஒட்டியது அந்த வண்டி மண்ணோடு மண்ணாகப் போகும்வரை வராது. அந்தப் பயிற்சியில் உண்மையிலேயே முதல் தரமாக இருந்தது அந்தப் பசைதான் என்று பெரியதம்பி தன் மனசுக்குள் சொல்லிக்கொள்வார்.

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு மளிகைக் கடைக்காரரின் வேன் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தது. பெரியதம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், படித்த படிப்புக்குத் துரோகம் செய்யாமல், இரண்டு கேன் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். சில மாதத்தில் ரேடியேட்டர் அப்பளமாக நொறுங்கியது. கடைக்காரர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "சுனாமி எதைத்தான் விட்டுச்சு!" என்றார். அந்த வருஷங்களில் தீவில் எங்கே துரு கண்டாலும் பழி சுனாமி மேல்தான். பெரியதம்பியும் கூடச் சேர்ந்து பெருமூச்சு விட்டார்.

பிரேக்கை அவர் கற்றுக்கொண்டிருக்கலாமே என்று கேட்கலாம். யாரிடம் கேட்பது? சான்றிதழ் இல்லாதவன் தெருவில் போகிறவனைக்கூட நிறுத்திக் கேட்கலாம். முதல் தரம் வாங்கியவன் வாயைத் திறந்து 'பிரேக் எப்படி வேலை செய்யும்?' என்று கேட்டால் முதல் தரம் என்னாவது? எனவே அவர் ஒரு முறை வைத்திருந்தார். இன்ஜினை நிஜமாகவே நன்றாகப் பார்ப்பார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டியை வலமாகச் சுற்றி வருவார். ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டுத் தட்டுவார். காதைச் சாய்ப்பார். "ம்" என்பார். நாலு சக்கரத்துக்கும் 'ம்' சொல்லிவிட்டு லேபிளை ஒட்டுவார். வண்டிக்காரர்கள் கைகட்டி நின்று பார்ப்பார்கள். அவர்களில் சிலருக்கு அந்த 'ம்'மிலேயே கண் கலங்கியதுண்டு.

பச்சை வட்டத்துக்கு ஊரில் அப்படி ஒரு மவுசு வந்தது. கைவண்டிக்காரர் கேட்டு வாங்கி ஒட்டிக்கொண்டார். ஐஸ்பெட்டியில் ஒட்டினார்கள். ஒரு தெலுங்குக்காரர் சண்டைச் சேவலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரைத் திருப்பி அனுப்பப் பெரும்பாடு பட வேண்டியிருந்தது. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், 'மாப்பிள்ளைப் பையனையும் நீங்க ஒரு சுத்துச் சுத்தி வந்து பாத்தா தேவலை' என்றார்.

இத்தனைக்கும் பெரியதம்பிக்கு ஒரு விரதம் இருந்தது. தன் லேபிள் ஒட்டிய எந்த வண்டியிலும் அவர் ஏறமாட்டார். எங்கே போவதென்றாலும் அரசாங்க பஸ்தான். "எளிமையான மனுஷன்" என்று ஊர் சொன்னது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாறுதல் மைத்துனர் வீட்டில் நடந்தது. பெரியதம்பியின் மனைவி ஒச்சம்மாவின் அண்ணன் சிவப்பிரகாசம், மதுரைப் பக்கத்திலிருந்து வந்து போர்ட்பிளேரில் ஒரு ஆபீஸில் சூப்பிரண்டாக இருப்பவர். தங்கை ஒரு பால்வெட்டிக்கு வாக்கப்பட்டதை அவர் ஜீரணிக்கவே இல்லை. விசேஷ வீடுகளில் பெரியதம்பியைப் பார்த்தால், 'அவரு வந்திருக்காரா?' என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்பார். சான்றிதழ் வந்த அன்று அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, முதன்முறையாக "உக்காருங்க மாப்ள" என்றார். ஒச்சம்மா அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். சான்றிதழுக்குச் சட்டம் போட்டது அவள்தான். வெள்ளிக்கிழமை தோறும் அதற்கு ஒரு பொட்டு வைப்பாள்.

சிவப்பிரகாசத்தின் மகள் சுதாவுக்குப் பாராடாங்கில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீட்டில் வைத்தே பரிசம் என்று முடிவானதால் இங்கிருந்து அங்கே போக வேண்டும். ஊரில் வாடகைக்கு ஓட்டும் கணபதியின் மினிபஸ்ஸைப் பேசினார்கள். "வண்டியை மாப்ள பாத்துட்டா போதும். வேற ஒருத்தன் கை வைக்கக்கூடாது" என்று சிவப்பிரகாசம் சொல்லிவிட்டார். மினிபஸ் முதல் நாள் மாலையே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. பெரியதம்பி இன்ஜினைப் பார்த்தார், ஃபேன் பெல்ட் மாற்றினார், ஸ்பானருடன் வலம் வந்தார், நாலு 'ம்' சொன்னார், லேபிளை ஒட்டினார். மறுநாள் விடிவதற்குள் எல்லோரும் ஏறிப் புறப்பட்டார்கள். பெரியதம்பி வழக்கம்போல, "எனக்கு ஒரு அவசர வேலை. பஸ்ஸுல பின்னாடியே வந்துர்றேன்" என்றார். ஒச்சம்மா சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையாட்டினாள்.

வெளிச்சம் வந்ததும் தரையைக் கூட்டப் போனவர், மினிபஸ் நின்ற இடத்தில் ஈரத்தைப் பார்த்தார். பின்சக்கரம் நின்ற இடம். படகுக்குக் கீழே ஈரம் இருந்தால் யாரும் பதறமாட்டார்கள். ஆனாலும் குனிந்து விரலால் தொட்டார். தண்ணீர் இல்லை. டீசல் இல்லை, அதை அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். இன்ஜின் ஆயில் இல்லை. கடல் தண்ணீர் நிச்சயமாக இல்லை. வண்டியில் அவருக்குத் தெரிந்த எல்லா ஈரங்களையும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் அவருக்குத் தெரியாத ஒரே ஒரு ஈரம்தான் பாக்கி இருந்தது.

பிரேக் ஆயில்.

எழுந்த வேகத்தில் பெஞ்சிலிருந்த ஸ்பானரைத் தட்டிவிட்டார். காலில்தான் விழுந்தது. அதை உணர அவருக்கு நேரமில்லை.

பாராடாங் போகும் வழி அவருக்கு மனப்பாடம். ஜிர்காடாங் செக்போஸ்டில் வண்டிகளையெல்லாம் வரிசையாகச் சேர்த்து, போலீஸ் முன்னே போக, பழங்குடிகளின் காட்டு வழியாக ஒரே கூட்டமாக அனுப்புவார்கள். கான்வாய் என்று பெயர். நடுவில் நிற்கக்கூடாது, முந்தக்கூடாது, இறங்கக்கூடாது. காடு முடிந்ததும் ஜெட்டி. வண்டிகள் ஒரு சாய்வில் இறங்கி, அகலமான ஃபெர்ரிப் படகில் ஏறி, கால்வாயைத் தாண்ட வேண்டும். சாய்வில் இறங்கும் வண்டி படகின் மேல்தளத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எதிர்ப்பக்கம் ஒரு சங்கிலி. அதற்கப்பால் கால்வாய். அந்தக் கால்வாயில் முதலைகள் உண்டு. அவை எந்தச் சான்றிதழும் வாங்காமல் காலங்காலமாகத் தொழில் செய்பவை.

போனை எடுத்தார். ஒச்சம்மா எடுத்தாள்.

"ஏய், நல்லாக் கேளு. வண்டி எங்க இருக்கு?"

"ஜிர்காடாங் வந்துட்டோம். இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன். அண்ணன் பேசணுமாம்."

"அது வேணாம், இந்தப் பிரேக்கு…"

"மாப்ள!" என்று சிவப்பிரகாசத்தின் குரல் பஸ் முழுக்க முழங்கியது. "வண்டி பூ மாதிரி போகுது. நம்மள அழைக்க வந்த சம்பந்தி வீட்டு ஆளுங்க ரெண்டு பேரும் இங்க இருக்காங்க. எங்க மாப்ள கைபட்ட வண்டின்னு இப்பதான் சொல்லிக்கிட்டிருந்தேன். என்ன, பிரேக்கா?"

பெரியதம்பி வாயைத் திறந்தார். 'மச்சான், எனக்குப் பிரேக் தெரியாது' என்பது நாலே வார்த்தை. அதில் மூன்று தொண்டையில் மாட்டிக்கொண்டன.

"ஒண்ணுமில்ல மச்சான். தேங்கா எடுத்தாச்சான்னு கேட்டேன்" என்றார்.

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு!" பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். அதோடு போனில் சிக்னல் போனது.

தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்கும் சான்றிதழ் வாங்கியிருக்கிறோமா என்று தெரியவில்லை. தெருவில் ஓடினார். சிமெண்ட் ஏற்றிக்கொண்டு பாராடாங் போகும் பிஸ்வாஸின் லாரி வந்தது. குறுக்கே கையை விரித்து நிறுத்தி ஏறினார்.

"க்யா ஹுவா சாச்சா? வீட்டுல சண்டையா?" என்றான் பிஸ்வாஸ். வங்காளிக்காரன், பெரியவர்கள் எல்லாம் அவனுக்குச் சாச்சா, அதாவது சித்தப்பா. பத்துபஸ்தியில் வளர்ந்ததால் தமிழ் அவனுக்குச் சரளம்தான், பாதி வழியில் இந்தி வந்து ஏறிக்கொள்ளும்.

"கான்வாயைப் பிடிக்கணும்டா. ஜல்தி ஓட்டு."

ஓட்டினான். ஜிர்காடாங் போய்ச் சேரும்போது வரிசை நகர ஆரம்பித்திருந்தது. கடைசி வண்டியாக லாரி உள்ளே நுழைந்ததும் பின்னால் கேட் மூடியது. வெகுதூரம் முன்னால், வளைவுகளில் மட்டும், மினிபஸ்ஸின் பின்கண்ணாடி தெரிந்தது. அதில் பச்சையாக ஒரு பொட்டு.

"நிறுத்தச் சொல்லி ஹாரன் அடியேன்டா."

"கான்வாய்ல ஹாரன் அடிச்சா சலான் கிழிச்சு ஃபைன் போடுவாங்க சாச்சா. நீங்க ஏன் டென்ஷன் ஆவுறீங்க? டரோ மத், பயப்படாதீங்க. நம்ம வண்டியிலயும் உங்க லேபிள்தான இருக்கு, ஏக்தம் பக்கா."

பெரியதம்பி மெதுவாகத் திரும்பிப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்தார். பச்சை வட்டம் வெயிலில் பளபளத்தது. அவர் கையால் ஒட்டியதுதான். லேசாகக் கோணலாகக்கூட இருந்தது. விரதம் கெட்டது.

முன்னால் ஒரு நீண்ட இறக்கம் வந்தது.

அந்தப் பயணத்தில் பெரியதம்பி தன் வாழ்நாளின் எல்லா 'ம்'களையும் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு இறக்கத்திலும் அவர் வலதுகால் தானாகவே லாரியின் தரையை அமுக்கியது. முருகனை வேண்டினார். கச்சலில் விட்டுவந்த மாரியம்மனை வேண்டினார். சென்னையில் எங்கோ சுகமாக நின்றுகொண்டிருந்த அந்த ஜீப்பைச் சபித்தார்.

"சாச்சா, ஏன் காலால அமுக்குறீங்க? பிரேக் என் பக்கம்" என்றான் பிஸ்வாஸ்.

"நீ அமுக்கினா நிக்குதா?"

"நிக்குது."

"எப்பிடிடா நிக்குது?"

பிஸ்வாஸ் அவரைப் பக்தியோடு பார்த்தான். "நீங்களே இப்டி கேட்டா? சோதனை பண்றீங்களா?"

ஜெட்டி வந்தபோது லாரி நிற்குமுன்பே குதித்தார். முன்வண்டிகளைத் தாண்டி ஓடினார். மினிபஸ் வரிசையின் தலைமாட்டில், சாய்வின் விளிம்பில், சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்து நின்றது. ஃபெர்ரி காலியாக வந்து ஒட்டியிருந்தது. படகில் ஏற்றும்போது ஆட்களெல்லாம் இறங்கி நடந்து போவதுதான் வழக்கம். மற்ற வண்டிக்காரர்கள் இறங்கிவிட்டார்கள். ஆனால் பரிசச் சீரை மடியில் வைத்துக்கொண்டால், சம்பந்தி வீட்டு வாசல் வரும்வரை கீழே இறக்கக்கூடாது என்பது ஒச்சம்மா வீட்டு வழக்கம். தட்டோடு எல்லாப் பெண்களும் உள்ளேயே இருந்தார்கள்.

"இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க! பிரேக் இல்ல!"

கணபதி ஸ்டீயரிங்கிலிருந்து தலையை நீட்டினான். "என்னண்ணே சொல்றீங்க? லேபிள் ஒட்டியிருக்கே!"

"அதை ஒட்டினவனே நான்தான்டா!"

"அதத்தான நானும் சொல்றேன்."

சிவப்பிரகாசம் ஜரிகை வேட்டியோடு முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். பெரியதம்பி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை வார்த்தை மாட்டவில்லை. "மச்சான், கேளுங்க. எனக்குப் பிரேக்குன்னா என்னன்னே தெரியாது. நான் படிச்சது டுங்கியில. டுங்கிக்குப் பிரேக் கிடையாது. நான் சும்மா தட்டிப் பாத்து 'ம்'னு சொல்றவன். நான் ஒரு ஏமாத்துக்காரன் மச்சான்!"

சிவப்பிரகாசம் பின்னால் திரும்பிச் சம்பந்தி வீட்டாரைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"பாத்தீங்களா? இதான் எங்க மாப்ள. முதல் தரம் வாங்கியும் இந்த அடக்கம்!"

"நிறைகுடம்" என்றார் சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர்.

"அடக்கமும் இல்ல, மடக்கமும் இல்ல! ஒச்சு, நீயாவது இறங்கு!"

"சீர்த்தட்டைக் கீழ வைக்கச் சொல்றீங்களா? சுதா வாழப்போற பொண்ணுங்க" என்றாள் ஒச்சம்மா. "காலையிலருந்து சாப்பிட்டீங்களா இல்லையா? முகமே சரியில்ல."

பெரியதம்பி பின்பக்கம் ஓடி லேபிளை நகத்தால் கிழிக்கப் பார்த்தார். லேபிள் போனால் நம்பிக்கை போகும், நம்பிக்கை போனால் இறங்குவார்கள் என்று கணக்கு. நகம்தான் போனது. வட்டம் அசையவில்லை. ஃபெர்ரி ஆள் விசில் அடித்து, 'ஆஜா, ஆஜா' என்று கையசைத்தான். கணபதி கல்லை எடுக்கச் சொல்லிக் கத்தினான். இன்ஜின் உறுமியது. அந்த நேரத்திலும், 'இன்ஜின் சத்தம் நல்லாத்தான் இருக்கு' என்று பெரியதம்பி மனசுக்குள் ஒரு குரல் சொன்னது.

அப்போது அவர் கண்ணில் ஜெட்டியோரத்தில் சுருட்டி வைத்திருந்த படகுக் கயிறு பட்டது. தொடை கனத்துக்கு இல்லாவிட்டாலும் மணிக்கட்டு கனத்துக்கு இருந்தது. பக்கத்தில் படகு கட்டும் இரும்புக் குத்துக்கட்டை. பிரேக் இல்லாத ஒன்றை எப்படி நிறுத்துவது என்பதை மட்டும் அவர் முறையாகப் படித்திருந்தார். கயிற்றின் ஒரு நுனியை மினிபஸ்ஸின் பின்கொக்கியில் மாட்டி முடிச்சுப் போட்டார். மறுபக்கத்தைக் குத்துக்கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலை உதைத்து உட்கார்ந்தார்.

"அரே சாச்சா, பஸ் ஹை, போட் நஹீ!" என்று கத்தினான் ஃபெர்ரி ஆள்.

"எனக்கு எல்லாம் போட்டுதான்டா!"

கல்லை எடுத்தார்கள். மினிபஸ் சாய்வில் இறங்கியது. முதலில் மரியாதையாக, பிறகு அவசரமாக. கயிறு விறைத்தது. பெரியதம்பி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார். உள்ளங்கையில் தோல் உரிந்தது. குத்துக்கட்டையிலிருந்து புகை வந்ததாகப் பிஸ்வாஸ் இன்றைக்கும் சொல்கிறான். மினிபஸ் படகுத் தளத்தில் ஏறி, தளத்தைக் கடந்து, எதிர்ப்பக்கச் சங்கிலியை மூக்கால் முகர்ந்து பார்த்து, ஒரு பெருமூச்சோடு நின்றது. ஒரு தேங்காய் மட்டும் தட்டிலிருந்து உருண்டு ஜன்னல் வழியாகக் கால்வாயில் விழுந்தது. அது விழுந்த இடத்தில் தண்ணீர் ஒரு தடவை புரண்டது. அலையாகவும் இருக்கலாம்.

கணபதி இறங்கி வந்தான். நிமிர்ந்துதான் வந்தான். எல்லோர் காதிலும் விழும்படி, "பிரேக் போட்டேன், நின்னுச்சு" என்றான். பிறகு பெரியதம்பியின் பக்கத்தில் வந்து குனிந்து, கயிற்றை அவிழ்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு கிசுகிசுத்தான்.

"அண்ணே, பெடல் தரையோட போய் ஒட்டிக்கிச்சு. காட்டுக்குள்ளயே பஞ்சு மாதிரிதான் இருந்துச்சு. லேபிள் இருக்கேன்னு மனசைத் தேத்திக்கிட்டு கியர்லயே ஓட்டிட்டு வந்தேன்."

"ஹேண்ட் பிரேக்கு?"

"அதுல அத்தைங்க கைப்பை மாட்டியிருந்தாங்க. வெளிய சொல்லிராதீங்கண்ணே. லைசென்ஸ் எடுக்குறப்ப டெஸ்ட் கிரவுண்டுல நிவாரணக் கூடாரம் போட்டிருந்தாங்களா, என்னைய வாயாலயே ஓட்டிக் காட்டச் சொல்லித்தான் பாஸ் போட்டாங்க. தோண்ட ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்னு தெரியாது."

சிவப்பிரகாசமோ, "பாத்தீரா சம்பந்தி! லேபிள்னா லேபிள். சங்கிலிக்கு நூல் அளவு முன்னாடி நின்னுச்சு!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கயிறு எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, "அது முதல் தரத்துல புது முறை. டபுள் சேஃப்டி" என்றார்.

ஒச்சம்மா மட்டும் மடியில் தட்டோடு உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கயிற்றைப் பார்த்தாள். புருஷனின் உள்ளங்கையைப் பார்த்தாள். அவளும் கச்சலில் குடித்தனம் செய்தவள்தான். கயிறு எதற்குப் போடுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு, பத்துபஸ்தியில் ஒருநாளும் எழுந்திராத அவள் குரல் எழுந்தது.

"எல்லாரும் இறங்குங்க. அக்கரையிலருந்து நடந்தே போவோம்."

"தட்டு?" என்றார் சிவப்பிரகாசம்.

"தட்டு என் கையில இருக்கும். நான் இறங்குறேன், அது இறங்கல."

இந்தச் சாஸ்திரம் அவள் அந்த நிமிஷத்தில் உண்டாக்கியது. ஆனால் அவள் சொன்ன விதத்தில், மூன்று தலைமுறையாக நடந்து வருவதுபோல் எல்லோரும் இறங்கினார்கள். பரிசம் நல்லபடியாக நடந்தது. ஒரு தேங்காய் குறைந்ததைச் சம்பந்தி வீட்டார் பெரிதுபடுத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒச்சம்மா அவர் கையில் மஞ்சளும் எண்ணெயும் போட்டுக் கட்டினாள். "நீங்க அங்க சொன்னதெல்லாம் நெசமா?" என்று கேட்டாள்.

"நெசம்."

"மொத்தமுமா?"

"ஏமாத்துக்காரன்னு சொன்னது மட்டும் கொஞ்சம் கூட. இன்ஜின் தெரியும்."

அவள் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றுவாள் என்று எதிர்பார்த்தார். கழற்றவில்லை. லேபிள் கட்டை மட்டும் எடுத்துப்போய் ஊறுகாய் ஜாடிகளில் ஒட்ட ஆரம்பித்தாள். "இதுகளை நான் நெசமா பாத்திருக்கேன்" என்றாள். மிச்சத்தைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். "பிரேக்கைக் கத்துக்கிட்டு வந்து கேளுங்க. ஒவ்வொண்ணா தர்றேன்."

கத்துக்கொள்ள யாரிடம் போவது? முக்குச் சந்தில் காத்தமுத்து என்று ஒருவர் போர்டு இல்லாமல், சான்றிதழ் இல்லாமல், மரத்தடியில் வண்டி பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் தொழில் சுத்தமாகத் தெரியும் என்பார்கள். பெரியதம்பி முதல் தரம் என்ற பெருமையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனார்.

"காத்தமுத்து, வெக்கத்தை விட்டுக் கேக்குறேன். எனக்குப் பிரேக் சொல்லிக் குடு."

காத்தமுத்துவின் முகம் விழுந்துவிட்டது. "என்னண்ணே இப்படிக் குண்டைத் தூக்கிப் போடுறீங்க? உங்க கடை வாசல்ல நின்னு பாத்துத்தானே நானே கத்துக்கிட்டேன்."

"என்ன கத்துக்கிட்ட?"

காத்தமுத்து எழுந்தார். ஸ்பானரை எடுத்தார். பக்கத்தில் நின்ற ஆட்டோவின் சக்கரத்தில் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்தார்.

"ம்" என்றார்.

இருவரும் சேர்ந்து கணபதியின் மினிபஸ்ஸை இழுத்துவந்து, நாலு சக்கரத்தையும் கழற்றிப் போட்டு, உள்ளே என்னதான் இருக்கிறது என்று வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார்கள். எண்ணெய் கசிந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே பல நாள் ஆனது. மூன்று தடவை கழற்றி, மூன்று தடவை மாட்டி, ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்பிரிங் மிஞ்சியது. நாலாம் தடவை மிஞ்சவில்லை. கணபதிக்கு மட்டும், போர்ட்பிளேரில் சான்றிதழ் வாங்கியவரும் வாங்காதவரும் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்யும் அளவுக்குத் தன் வண்டி விசேஷமானது என்று பெருமை.

இப்போது பெரியதம்பி கடையில் பச்சை வட்டம் வாங்குவது அவ்வளவு சுலபம் அல்ல. சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க அரை நாள் ஆகிறது. "ஒரு லேபிள் ஒட்ட அரை நாளா? முன்னெல்லாம் 'ம்'னா முடிஞ்சுதே. வயசாயிருச்சு அவருக்கு" என்று பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அங்கே லேபிள் பெரியது, பொன் நிறம், நட்சத்திரம் வேறு போட்டிருக்கிறதாம். சிவப்பிரகாசம்கூட ஒரு நாள், "மாப்ள, பழைய கைராசி இப்ப இல்லையோ?" என்று வருத்தப்பட்டார்.

வேலை முடிந்த பிறகும் ஒச்சம்மா லேபிளை உடனே தந்துவிடமாட்டாள். ஏர்போர்ட் பக்கம் இறங்கும் மேட்டில் அந்த வண்டியைக் கொண்டுபோய், பெரியதம்பி முன்சீட்டில் உட்கார்ந்து, முழு இறக்கமும் இறங்கி, அடிவாரத்தில் நிறுத்தி, இரண்டு காலோடும் திரும்பி வர வேண்டும். வந்தால் பெட்டியைத் திறந்து ஒன்றைக் கொடுப்பாள். அவரும் போகிறார். தன் கையால் பார்த்த வண்டியில் ஏறுவதில்லை என்ற விரதம் அப்படித்தான் போனது.

இப்போதெல்லாம் இறக்கத்தில் அவர் முகத்தில் ஒரு அமைதி இருக்கும். கால் தரையை அமுக்காது. சீட்டுக்கு அடியில் மணிக்கட்டு கனத்தில் ஒரு கயிற்றுச் சுருள் மட்டும் இருக்கும்.